இடப்பக்கம் இழுத்த வண்டி

மகள் தனக்கு பைக் வேண்டும் என்று சொன்ன அன்று, பைக்கிலிருந்து விழுந்த மூன்று பேரின் காயங்களைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒருவருக்கு முழங்கை. பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு அம்மாவுக்கு, சேலை சக்கரத்தில் மாட்டியதில் கணுக்கால். மூன்றாவது ஆளைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவியும் மண்ணும் ரத்தமும் கலந்த அந்த வாடை நகக்கண்ணில் இருப்பதுபோலவே இருந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவள் பேச்சை எடுத்தாள்.

"ம்மா, அந்த வேலைல சேரணும்னா சொந்த வண்டி இருக்கணுமாம். கியர் வண்டி."

நான் பதினெட்டு வருடமாக அரசு மருத்துவமனையில் நர்ஸ். அதில் பாதிக்கு மேல் அவசரப் பிரிவு. உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊர் வளைவில் யார் விழுந்தாலும் முதலில் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். காயத்தைப் பார்த்தே எப்படி விழுந்தார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும். உள்ளங்கை தேய்ந்திருந்தால் கையை ஊன்றி வழுக்கியிருக்கிறார்கள். கணுக்காலின் வெளிப்பக்கம் என்றால் வண்டி மேலே சாய்ந்திருக்கிறது. நெற்றி என்றால் நான் எதுவும் கேட்க மாட்டேன். இந்த அறிவு எனக்கு எந்த நன்மையும் செய்ததில்லை. சாலையில் போகும் ஒவ்வொரு பிள்ளையையும் கட்டிலில் படுத்திருப்பவனாகவே பார்க்க வைத்திருக்கிறது.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. விவசாயம் டிப்ளமோ படித்தவள். ஒரு விதை நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. சாலவாக்கம் பக்கத்துக் கிராமங்களில் நெல் வயல்களுக்குப் போய், விதைக்காக விட்டிருக்கும் பயிரைப் பார்த்து எழுத வேண்டும். பஸ் போகாத ஊர்கள், ஏரிக்கரை வழிகள். ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்றேன்.

"சின்னச் சக்கரம்மா. சேத்துல புதைஞ்சிடும். அங்க வேலை பாக்கற எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. தோழியின் வண்டியில் கல்லூரி மைதானத்தில் கற்றுக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் அவள் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரகடத்தில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சாவகாசமாகச் சொன்னார்: "பழகறவளுக்குப் புது வண்டி வேணாம். செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாரு. எனக்கு ஞாயித்துக்கிழமை கூட ஓவர்டைம். நீ கூடப் போ, உன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலை டியூட்டிக்குப் போகும் வழியில் முதல் வேலையாக ஒரு ஹெல்மெட் வாங்கினேன். வண்டியே இல்லாத வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில், அது ஒரு மாதம் உட்கார்ந்திருந்தது.

வண்டி பார்த்துச் சொல்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தோம். அவர் அம்மாவுக்கு நான் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால் என்னிடம் ஒரு மரியாதை உண்டு. அவர் முதலில் மகளை நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்பா, ரெண்டு காலும் தரைல பதியணும். அதான் மொதல்ல. வண்டி வெயிட்டு கம்மியா இருக்கணும். இஸ்பீடு போற வண்டி வேணா. அப்பால, முத வண்டின்றது கீழ போடற வண்டி. அத்த மனசுல வச்சிக்கினுதான் வாங்கணும்."

"கீழ போடறதுன்னா?" என்று கேட்டேன்.

"வியுந்துதான் சிஸ்டர் எல்லாரும் கத்துக்கறாங்க" என்றார், சிரித்துக்கொண்டே. 

முதலில் காஞ்சிபுரம் சாலையில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் ஒரு இடத்துக்குப் போனோம். மகள் சிவப்பாக, உயரமாக நின்ற ஒரு வண்டியைப் பார்த்ததும் அதன் மேல் ஏறிவிட்டாள். கால் கட்டை விரல் மட்டும்தான் தரையில் பட்டது. ஸ்டாண்டை எடுத்த அடுத்த நொடி வண்டி வலப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அவளால் தாங்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டிகூட இல்லை, நின்ற வண்டி. மெக்கானிக் பின்பக்கத்தைப் பிடித்திருக்காவிட்டால் அவள் கால் அடியில் போயிருக்கும். நான் போட்ட சத்தத்தில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணுக்காலின் வெளிப்பக்கம் என்று என் மனம் தானாகவே எழுதிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள், "நீ கத்தினா எனக்குக் கை நடுங்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். இனி கத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக்குக்கு ஒரு தகவல் வந்தது. பெருநகரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் நூறு சிசி வண்டி. கை மாறாத வண்டி, குறைந்த ஓட்டம், தாழ்வான சீட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மகளும் ஆட்டோவில் போனோம். மெக்கானிக் தன் வண்டியில் முன்னால் போனார். ஹெல்மெட்டை நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவின் கடைசியில் ஷீட் போட்ட வீடு. அதற்கு அந்தப் பக்கம் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை. வண்டி வாசலில் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது. கறுப்பு டேங்கில் முகம் தெரிந்தது. வீட்டில் ஆளைக் காணவில்லை. மெக்கானிக் குனிந்து எஞ்சினைப் புறங்கையால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் தொட்டுப் பாருங்க சிஸ்டர்" என்றார். தொட்டேன். சுட்டது.

"நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கீறாங்க. காலைல குளிர்ல ஸ்டார்ட் ஆவறதுக்கு இன்னா பாடு படுதுன்னு நமக்குத் தெரியக் கூடாது. எல்லாரும் பண்றதுதான். இருந்தாலும் மனசுல வச்சிக்கணும்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். 

அவனை எனக்குத் தெரியும்.

ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், காய்கறி ஏற்றும் சின்ன வண்டியின் பின்பக்கத்தில் போட்டு பைக்கில் விழுந்தவன் என்று சொல்லி நான்கு பேர் அவனைக் கொண்டு வந்தார்கள். இடது முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து திறந்திருந்தது. ரத்தத்தை நிறுத்த நான் ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தபோது அவன் என் இன்னொரு கையின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டான். கீழே பார்க்கப் பயந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சிஸ்டர், காலு கீதா? காலு கீதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "கீதுப்பா, கீது" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விரலை விடுவிக்க வேண்டியிருந்தது. அப்படி அனுப்பி வைத்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இப்போது அந்தக் கால் மண்ணில் ஊன்றி நடந்து வந்தது. என் முதல் உணர்ச்சி சந்தோஷம்தான். உண்மையைச் சொல்ல வேண்டும். நடக்கிறானே என்று கண் கலங்கியது. அடுத்த நொடிதான் பார்வை அவன் காலிலிருந்து வண்டிக்குப் போனது.

மெக்கானிக் சாதாரணமாகக் கேட்டார். "காலுக்கு இன்னாப்பா?"

"கபடில அண்ணா."

"வண்டி எங்கனா வியுந்துதா? உள்ளத சொல்லிடு."

"இல்லண்ணா. ஒரு வாட்டி கூட இல்ல." சொல்லும்போது அவன் கண் என் மேல் ஒருமுறை பட்டு விலகியது. நான் சேலையில் இருந்தேன். வெள்ளை உடை இல்லை, முகக்கவசம் இல்லை. என்னை அடையாளம் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

நான் ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்பதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். எதிரில் நோயாளி வந்தால் அவர்களாகக் கூப்பிட்டால் ஒழியத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ள மாட்டோம். அதை ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் என் விரலைப் பிடித்திருந்த பிள்ளையை, மூன்றாம் மனிதர் முன்னால் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். எப்படியும் மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகள் இதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. அவள் முகம் மலர்ந்தது. "ம்மா, பாரேன்!"

"ஸ்டார்ட் பண்ணு பாப்பா" என்றார் மெக்கானிக். "தெரு முனை வரிக்கும் போய்ட்டு வா. கிளட்ச் எப்படி கீதுன்னு பாரு. நான் அதுக்குள்ள புக்க பாத்துர்றேன்." ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்காகத் திரும்பி நின்றுகொண்டார்.

வண்டி கிளம்பியது. நேராகத்தான் போனது. தெரு முனையில் திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. சந்தோஷம்தான் காரணம் என்று பின்னால் சொன்னாள். கால் எட்டுகிற வண்டி, கியர் சுலபமாக விழுகிற வண்டி, முன்னால் காலியான பாதை. ஏரிக்கரை மேட்டில் ஏறி, பனைமரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஹெல்மெட் என் கையில் இருந்தது.

கத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தேன் அல்லவா? கத்தவும் முடியவில்லை.   வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டது, குறைந்தது, பிறகு கேட்கவில்லை. நின்றுவிட்டதா, தூரம் போய்விட்டதா என்று தெரியவில்லை.

பையன் என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

"அக்கா" என்றான்.  "அக்கா, அது பிரேக் புடிச்சா லெஃப்ட்ல இய்க்கும்."

"என்ன?"

"கெட்டியா புடிச்சா லெஃப்ட்ல போயிடும். முன்னாடி பைப்பு தட்டி நிமித்தினது. அக்கா, சீக்கிரம் யாரையாச்சும் போவச் சொல்லுங்க."

மெக்கானிக் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் வண்டியை உதைத்தார். "ஏறுங்க, ஏறுங்க." பைக்கின் பின்சீட்டில் உட்கார்வதே இல்லை என்று பத்து வருடமாக இருந்தவள் நான். ஒரு கையில் ஹெல்மெட்டும் இன்னொரு கையில் அவர் சட்டையுமாக உட்கார்ந்தேன். ஏரி நிறைந்திருந்தது. கரையின் இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். வண்டி இடப்பக்கம் இழுக்கும் என்றால் எங்கே இழுக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அரை மைல் தூரமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேயாவது கலங்கியிருக்கிறதா என்று.

வளைவைத் தாண்டியதும் முதலில் நெல் அறுக்கும் இயந்திரம் தெரிந்தது. கரையின் முழு அகலத்துக்கும் அது நின்றிருந்தது. அதன் டிரைவர் கீழே இறங்கி நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டி தெரிந்தது. கரைச் சரிவில், முன்சக்கரம் கோரைப்புல்லில் புதைந்து, பின்பக்கம் மேலே தூக்கியபடி கிடந்தது. மகளைக் காணவில்லை.

நான் இறங்கவில்லை, விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்து ஓடினேன். அவள் இயந்திரத்தின் பெரிய சக்கரத்தின் மறைவில் தரையில் குந்தியிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவை தன்னுடையவை இல்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தாயாக அவளைத் தொடவில்லை. தலையைத் தடவினேன், கழுத்தெலும்பை அழுத்தினேன், கண்மணியைப் பார்த்தேன், விரல்களை மடக்கச் சொன்னேன், உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். உள்ளங்கையில் சிராய்ப்பு. கன்னத்தில் புல் கீறிய கோடு. அவ்வளவுதான். அதன்பிறகுதான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"வண்டி தானா போச்சும்மா" என்றாள். "மிஷின் வந்துச்சு, பிரேக் புடிச்சேன். நான் திருப்பலம்மா. அதுவே போச்சு."

"பொண்ணு புத்திசாலித்தனமா குதிச்சிடுச்சு" என்றார் டிரைவர். "இல்லன்னா தண்ணில தான்." 

மெக்கானிக் வண்டியை மேலே இழுத்துப் பார்த்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய் ஒன்றின் மேல் விரலால் தடவி, பெயின்டுக்கு அடியில் இருந்த நெளிவைக் காட்டினார். "இத்த நான் மொதல்ல பாத்துருக்கணும். புக்க அப்பால பாத்துருக்கலாம்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.  அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

திரும்பி வந்தபோது பையன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வயலிலிருந்து அவன் அம்மாவும் வந்துவிட்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. மகள் நடந்து வருவதைப் பார்த்ததும் பையன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

அவனை அறையத்தான் போனேன். கையை ஓங்கியும்விட்டேன். அவன் நகரவில்லை.

"அடிங்க சிஸ்டர்" என்றான். சிஸ்டர் என்ற சொல்லில் என் கை நின்றது.

"உனக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

"பாத்ததுமே தெரிஞ்சிது. நீங்க சொல்லிடுவீங்கன்னு பயந்துக்கினே இருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, உங்களுக்கு ஞாபகம் இல்ல போலன்னு நெனச்சேன்."

 இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தோம். நடுவில் என் மகள் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அவன் அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "காலு கீதுன்னு சொன்ன சிஸ்டரம்மாவா நீங்க? எப்ப பாத்தாலும் சொல்லுவான்." பிறகு மகளின் உள்ளங்கையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு அவன் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். நான்தான் தடுக்க வேண்டியதாயிற்று.

"எம்மேலதான் தப்பு சிஸ்டரம்மா" என்று அழுதாள். "இத்த எங்கனா தொலைச்சிடுன்னு நான்தான் சொல்லிக்கினே இருந்தேன். வாசல்ல இத்த பாக்கறப்பல்லாம் வயிறு கலங்கிப் போவுது. இவனும் அதுல ஏறவே மாட்டறான். காலைல ஸ்டார்ட் பண்றதுக்குக் கூட பக்கத்து வூட்டு ஆளத்தான் கூப்புட்டான். வூட்ட விட்டுப் போனா போதும்னுதான் நெனச்சேன். யார் வூட்டுக்குப் போவும்னு நெனக்கல."

அவள் சொன்னது எனக்கு முழுக்க விளங்கியது. விளங்கியதுதான் பயமாக இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் துடைத்து மினுக்கி நிறுத்தியிருப்பேனோ என்னவோ. பையன் காலைக் கொஞ்சம் நீட்டச் சொல்லி, தழும்பைப் பார்த்தேன். நன்றாக ஆறியிருந்தது. தினமும் படியேறி இறங்கிப் பழகு என்று சொன்னேன். அவன் அழுதுகொண்டே தலையாட்டினான். மகள் ஆட்டோவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் கையைக் கழுவி மருந்து போடும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவனை எனக்கு முன்பே தெரியும், கபடி என்று சொன்னது பொய் என்று தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரில பாத்தத வெளிய சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா, இந்த வண்டி வேணாம், வா போலாம்னு சொல்லியிருக்கலாம்ல? காரணம் சொல்லவே வேணாமே. நான் வந்திருப்பேன்."

இத்தனை எளிய வழி எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் முறை. இனிமேல் வண்டியே வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவள் கேட்டது வேறு.

"அடுத்தது எப்ப பாக்கப் போறோம்?"

வேண்டாம் என்றேன். வேறு வேலை பார்க்கலாம், ஏனாத்தூர் பக்கம் ஏதாவது அலுவலகத்தில் கேட்கலாம் என்றேன். கணவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. ராத்திரி கண்ண மூடினா அந்த மிஷின் வருது. இப்ப விட்டா அப்புறம் நான் ஏறவே மாட்டேன்" என்றாள். படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். மெக்கானிக்குக்கு நானே போன் பண்ணினேன்.

மூன்றாவது வண்டி கல்யாணச் சமையல் வேலை பார்க்கும் ஒருவருடையது. பாத்திரங்கள் ஏற்ற வசதியாகச் சின்ன வேன் வாங்கியிருந்ததால் இதை விற்றார். பார்க்க அவலட்சணமான வண்டி. டேங்கில் நெளிவு, நிறம் போயிருந்தது, சீட்டில் எண்ணெய்க் கறை. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போல இருந்தது. நான் கேட்காமலே அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"மழ பேஞ்சா ரெண்டு ஒத சேத்து ஒதைக்கணும்மா. பெட்ரோல் முள்ளு வேல செய்யாது. டேங்க்குல இருக்கற சொட்டை, எம்மச்சான் செவுத்துல இடிச்சது. முன்னாடி டயரு மாத்தணும். நீங்களே மாத்திக்கறீங்களா, நான் மாத்தித் தரட்டா?"

"கீழ வியுந்துதா?" என்றேன். என் வாயில் மெக்கானிக்கின் பேச்சே வந்துவிட்டது.

"வியாம இருக்குமா? மூணு வாட்டி." எந்தெந்த இடத்தில் என்றும் சொன்னார்.

அந்த முறை மெக்கானிக் எதையும் அவசரப்படுத்தவில்லை. நடு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைச் சுற்றி, கோணல் இருக்கிறதா என்று பத்து நிமிடம் பார்த்தார். ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினார். பிறகு தானே ஓட்டிக்கொண்டு போய், நேரான சாலையில் ஓங்கி பிரேக் பிடித்தார். மூன்று முறை. வண்டி நேராக நின்றது. நான் சாலையோரத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கை என்னுடையதைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

வாங்கினோம். பேர் மாற்றும் வேலை முடியும்வரை, ஊருக்கு வெளியே இருக்கும் நெல் காயவைக்கும் களத்தில் காலை நேரங்களில் மெக்கானிக் அவளுக்கு பிரேக் பிடிக்க மட்டும் கற்றுக்கொடுத்தார். ஓட்ட அல்ல, நிறுத்த. களத்தின் ஓரத்தில் நான் நிற்பேன். இரண்டு முறை நின்றபடியே வண்டியைக் கீழே போட்டாள். நான் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

அவள் வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை எனக்குக் காலை டியூட்டி. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கருங்கல் ஏற்றும் லாரிகள் அந்தச் சாலையில் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஒன்பதரைக்குச் செய்தி வந்தது. "வந்துட்டேன்." அதைப் படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உடன் வேலை பார்க்கும் சிஸ்டர், "நாஷ்டா சாப்ட்டியா இல்லியா நீ?" என்று கேட்டாள்.

அந்தக் கறுப்பு வண்டியை அவன் அம்மா யாருக்கும் விற்கவில்லை என்று மெக்கானிக் பிறகு ஒருநாள் சொன்னார். பட்டறைக்கே கொண்டு வந்து, பிரித்துப் போட்டுவிடச் சொன்னாளாம். பிரிக்கும்போது பையன் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்துவிட்டுப் போனானாம். நடை இப்போது பரவாயில்லை என்றார்.

மகள் ஐப்பசி மழையில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள். வயல் வழியில், மெதுவாகப் போகும்போது. முழங்காலில் சேறும் சிராய்ப்புமாக அவளே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். போன் பண்ணவில்லை. பண்ணினால் நான் என்ன ஆவேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு விடுமுறை நாளில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாலவாக்கம் வரைக்கும் போய் வந்தேன். பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நன்றாகத்தான் ஓட்டுகிறாள். எதிரில் பெரிய வண்டி வந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஓரத்துக்குப் போய்விடுகிறாள். அப்படிக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முதுகு விறைப்பதை என்னால் உணர முடிந்தது.

ஓட்டும்போது போன் அடித்தால் திடுக்கென்று இருக்கிறது, நீ கூப்பிடாதே என்று சொல்லியிருக்கிறாள். அதனால் கூப்பிடுவதில்லை. இதை எழுதும் இன்று காலையிலும் தூறல். எனக்கு மத்தியான டியூட்டி. வாசலில் நின்று, அவள் மூன்றாவது உதையில் வண்டியைக் கிளப்புவதைப் பார்த்தேன். ஹெல்மெட் வாரைச் சரிபார்த்தேன். தெரு திரும்பும்வரை நின்றேன். மணி இப்போது எட்டே முக்கால். செய்தி வர இன்னும் நேரம் இருக்கிறது.